கூட்டத்துச் சட்டை

சட்டையை முப்பத்தாறு சதுரங்களாக வெட்டி, அடுக்கி, அடுக்கின் அழகை அவள் தலை சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மூன்றாம் மாடியில் அந்தச் சட்டையைத் தேட ஆரம்பித்தார்கள்.

முதலில் அவள் கண்டுகொள்ளவில்லை. அடுக்குமாடிக் கட்டடம் என்றால் யாராவது எதையாவது தேடிக்கொண்டேதான் இருப்பார்கள். பிறகு குடியிருப்போர் சங்கச் செயலாளரின் குரல் படிக்கட்டில் இறங்கி வந்தது.

"மாம்பழ மஞ்சள். பழுப்புக் கட்டம். காலர் கொஞ்சம் நைஞ்சிருக்கும். இந்தக் கட்டடத்துல என் கூட்டத்துச் சட்டையைத் தெரியாத ஆள் உண்டா?"

முதல் மாடியில் ஒருத்தி இருந்தாள். கையில் கத்தரிக்கோல் இருந்தது.

அவள் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி, அதுவும் கணிதத்தில். அந்தக் கணிதத்தை வைத்துக்கொண்டு ஆறு வருடமாக அவள் செய்துவந்த வேலை, "இன்னும் பத்து நிமிஷத்துல கூப்பிடுவாங்க" என்று சொல்வது. அந்தப் பத்து எப்போதும் நாற்பது. ஞாயிற்றுக்கிழமையும் மருத்துவமனை உண்டு என்பதால் சங்கக் கூட்டம் எதற்கும் அவள் போனதில்லை. செயலாளரின் சட்டை அவளுக்கு அறிமுகமில்லாமல் போனது அப்படித்தான்.

போன வாரம் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு கன்னமும் பன் மாதிரி உப்பிக்கொண்டன. பல் டாக்டர் அவள் உடம்பைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. வாசலில் கன்னம் வீங்கிய ஆள் உட்கார்ந்திருந்தால், வருகிறவர்கள் நம்மிடம் வைத்தியம் பார்த்து இப்படி ஆகிவிட்டது என்று நினைப்பார்கள் என்று சொல்லிப் பதினான்கு நாள் லீவு கொடுத்து அனுப்பிவிட்டார். செயலாளர் அதே சாயங்காலம் அவள் கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டினார். 'தொற்று. நெருங்க வேண்டாம்.' கீழே கையெழுத்து, சங்க முத்திரை.

காய்ச்சல் மூன்று நாளில் போய்விட்டது. நான்காம் நாள் பொழுது போகாமல், அக்கா எப்போதோ கொடுத்த எம்பிராய்டரி வளையத்தைத் தூசி தட்டி எடுத்தாள். தலையணை உறையில் ஓர் இலை போட்டாள். அது வெண்டைக்காய் மாதிரி வந்தது. பிரித்தாள். மறுபடி போட்டாள். மூன்றாவது இலை இலையாகவே வந்தபோது வெயில் சன்னலின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிருந்தது. அன்று முழுக்க ஒருவர்கூட அவளிடம் "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டிய செயலாளருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். வேலைக்குப் போகிற பெண்ணுக்கு ஓய்வு வேண்டுமென்றால் தொற்றுநோய்தான் வரவேண்டியிருக்கிறது. சளி, இருமல், தலைவலி எதையும் ஒருத்தரும் மதிப்பதில்லை.

ஆறாம் நாள் ஆசை பெரிதாகி, துண்டுத் துணிகளைச் சேர்த்து ஒரு ஒட்டுப்போர்வை தைக்கலாம் என்று தீர்மானித்தாள். துணி வேண்டுமே. படிக்கட்டின் கீழ் இருபத்திரண்டு வருடமாகத் துணி தேய்க்கும் இஸ்திரிக்காரரிடம் கதவிடுக்கு வழியாகச் சொன்னாள். அவர் அவளை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். பத்துமுறை திருத்திவிட்டு அவள்தான் தோற்றுப்போனாள்.

இஸ்திரிக்காரர் மாடி மாடியாகச் செய்தியைச் சேர்த்தார். கட்டடமே மனம் இளகியது. யாரும் நெருங்கக்கூடாது என்பதால் எல்லாம் கதவின் கைப்பிடியில் தொங்கின. நைந்த திரைச்சீலை வந்தது. கீழ்வீட்டு டீச்சரின் நீலப்பூ நைட்டி வந்தது. ஒரு வீட்டார் ஒற்றைக் கால் சாக்ஸ் பதினொன்றை அனுப்பியிருந்தார்கள். செயலாளரின் மனைவி துணி அனுப்பவில்லை, போன் செய்தார்.

"சதுரத்தைச் சின்னச் சின்னதா வெட்டும்மா. பெருசா வெட்டினா பழைய துணியோட மூஞ்சி தெரியும்" என்று யோசனை சொன்னார்.

ஒன்பதாம் நாள், திங்கட்கிழமை, கைப்பிடியில் ஒரு வெள்ளைப் பை தொங்கியது. வழக்கமாக இஸ்திரிப் பைகளில் வீட்டு எண் எழுதிய சீட்டு குத்தியிருக்கும். இதில் இல்லை. உள்ளே ஒரே ஒரு சட்டை, மடிப்புக் கலையாமல். பழைய துணியைக்கூட இஸ்திரி போட்டுக் கொடுக்கிற மரியாதைக்காரர் யாரோ என்று வியந்தாள். காலர் நைந்திருந்தது. இரண்டாவது பொத்தான் வேறு நிறம். தூக்கிப் போடவேண்டிய சட்டைதான், சந்தேகமே இல்லை. கைகளையும் காலரையும் பொத்தான் பட்டியையும் தனியே எடுத்துவைத்துவிட்டு, உடம்பைச் சின்னச் சின்னதாக வெட்டினாள்.

இப்போது கதவில் காதை வைத்துக் கேட்டாள்.

பதினொரு வருடம். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடத்திய எந்தக் கூட்டத்திலும் செயலாளர் கொண்டுவந்த தீர்மானம் தோற்றதில்லை. வரும் ஞாயிறு கூட்டம். இந்த நேரம் பார்த்துச் சட்டை எங்கே?

சட்டை தொலைந்தால் முதலில் இஸ்திரிக்காரரைப் பிடி என்பது எந்தக் கட்டடத்திலும் எழுதிவைக்காத சட்டம். செயலாளர் அவரைத்தான் பிடித்திருந்தார்.

"நான் மாட்டிட்டுத்தான் வந்தேன் சார். கதவுலதான் மாட்டினேன்" என்றார் இஸ்திரிக்காரர், பதறாத குரலில்.

"அப்போ சட்டை நடந்து போச்சா?"

"அது எனக்கு எப்படி சார் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமை தெரியும். படிக்கட்டுக்குக் கீழே நீ எப்படி இருக்கேன்னு பாக்கறேன்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். விஷயம் தெளிவாகிவிட்டது. வயதான மனிதர், கை தவறி மூன்றாம் மாடிப் பையை முதல் மாடியில் மாட்டிவிட்டார். "பை என் கதவில்தான் தொங்கியது" என்று உண்மையைச் சொன்னால் குற்றம் நேராக அவர் தலையில். சொல்லாவிட்டாலும் அவர் தலையில்தான். இருபத்திரண்டு வருடப் பிழைப்பு, ஒரு நைந்த காலரில் தொங்கியது.

பழியைத் தானே ஏற்பது என்று முடிவு செய்தாள். கதவைத் திறந்து "சார்" என்றாள். செயலாளர் பாதிப் படியில் அம்புபட்டதுபோல் நின்றார்.

"உள்ள போ. பதினாலு நாள்."

"சார், அந்தச் சட்டை…"

"கதவை மூடிட்டுப் பேசு. இல்ல, பேசவே வேணாம். பேசினாலும் பரவும்."

சரி, எழுதலாம். படிக்கட்டில் கிடந்த பையைத் தானே எடுத்து வெட்டிவிட்டதாகவும், இஸ்திரிக்காரர் நிரபராதி என்றும் இரண்டு பக்கம் எழுதினாள். செவ்வாய்க்கிழமை காலை அதை இஸ்திரிக்காரரிடம் கொடுத்து, மேலே சேர்க்கச் சொன்னாள். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு டாக்டரம்மா?"

சொன்னாள். அவர் காகிதத்தை மடித்து அவளிடமே நீட்டினார்.

"உங்களுக்கு எதுக்கும்மா வீண் வம்பு? சட்டை போனது போனதுதான். விட்டுடுங்க."

தன் இடமே போகப்போகிறது, இந்த மனிதர் அவளுக்கு வம்பு வரக்கூடாது என்கிறார். படித்தவர்கள் இவர் காலைக் கழுவிக் குடிக்கவேண்டும். வற்புறுத்திக் கடிதத்தைக் கொடுத்தனுப்பினாள். அரைமணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"மூணாம் மாடி அம்மா வாங்கினாங்க. தொற்று வீட்டுக் காகிதமாச்சேன்னு மருந்து தெளிச்சாங்க. நல்லா தெளிச்சாங்க."

"அப்புறம்?"

"எழுத்தெல்லாம் தண்ணியாப் போயிடுச்சு. சார் கைல கொடுக்கும்போது வெறும் நீலக் காகிதமாத்தான் இருந்தது."

போன் செய்தாள். செயலாளரின் மனைவி எடுத்தார். அவர் குளிக்கிறார் என்றார். ஒரு மணி நேரம் கழித்தும் குளித்துக்கொண்டிருந்தார். பிறகு தூங்கினார். நாலாவது தடவை அவள் பொறுமை இழந்து, "மேடம், உங்க வீட்டுக்காரர் சட்டை இருக்கே, அது வந்து…" என்று ஆரம்பித்தாள்.

"சட்டைப் பேச்சை எடுக்காதம்மா. நானே நொந்து போயிருக்கேன்."

பிறகு வாயைத் துணியால் பொத்திக்கொண்டதுபோல் ஒரு சத்தம். தோள் குலுங்கும் சத்தம்கூடப் போனில் கேட்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. பாவம், அழுகிறார். போன் வைக்கப்பட்டது.

மிச்சம் ஒரே வழிதான். சட்டையைத் திரும்பச் சட்டையாக்குவது.

வெட்டியதைச் சேர்த்துத் தைக்கத்தானே ஒரு வாரமாகப் பழகியிருக்கிறாள்? புதன்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தாள். சுற்றளவுக்கு ஒன்பது சதுரம், உயரத்துக்கு நாலு. கட்டத்தோடு கட்டம் பொருத்தி, பொடித் தையலாக, ஓரம் பிரியாமலிருக்க இரண்டு பக்கமும் தாராளமாக அரை அங்குலம் உள்ளே பிடித்துத் தைத்தாள். பிற்பகல் மூன்றுக்குக் காலரும் ஏறிவிட்டது. தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்துப் பையன் சட்டை மாதிரி இருந்தது.

டேப்பை எடுத்து அளந்தாள். நாற்பத்துநாலு அங்குல மார்பு முப்பத்தைந்தாகியிருந்தது. ஒரு தையலுக்கு அந்தப் பக்கம் அரை, இந்தப் பக்கம் அரை, மொத்தம் ஒரு அங்குலத் துணி உள்ளே போய்விடும். ஒன்பது தையலுக்கு ஒன்பது அங்குலம். உயரத்தில் மூன்று போய்விட்டது. இதைச் செயலாளருக்கு மாட்டினால் தொப்புளுக்கு மேல் தனியாகவும் கீழ் தனியாகவும் இரண்டு மனிதராகத் தெரிவார். ஒன்றாம் வகுப்புக் கூட்டல் கணக்கு. சுவரில் மாட்டியிருந்த கணிதப் பட்டத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிரித்தாள். உள்ளே போன அங்குலங்களுக்கு ஈடாக ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பட்டை கொடுக்கவேண்டும். மாம்பழ மஞ்சளில் வேறு துணி ஏது? டீச்சரின் நீலப்பூ நைட்டிதான் இருந்தது. பட்டைக்கும் இரண்டு பக்கம் தையல் தின்னும் என்பதை இந்த முறை மறக்கவில்லை. வியாழன் காலை சட்டை சரியான அளவில் வந்துவிட்டது. ஆனால் நீலக் கம்பி போட்ட சிறைச்சாலைபோல் இருந்தது.

அதை மறைக்கக் கொடி போட்டாள். பச்சை நூலில் சங்கிலித் தையலாக ஒரு கொடி ஓடவிட்டாள், பக்கத்தில் இலை. பயந்துகொண்டேதான் ஆரம்பித்தாள். இரண்டாவது பட்டையில் பயம் எங்கோ இறங்கிப்போயிற்று. ஊசி மேலே வந்து, நூல் வளைந்து, அந்த வளைவுக்குள்ளேயே மறுபடி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் செயலாளரும் இல்லை, சங்கமும் இல்லை. அடுத்த இலை மட்டும்தான் இருந்தது. ஐந்தாவது பட்டையில் தேவையே இல்லாமல் ஒரு மொட்டுப் போட்டாள். அந்த இடத்தில் ஒரு மொட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் கொடியின் நூலை வெட்டிவிட்டு நிமிர்ந்தபோது பயம் திரும்ப வந்து உட்கார்ந்தது. சட்டையை இஸ்திரிக்காரரிடம் கொடுத்தாள். தேய்த்து, மூன்றாம் மாடித் துணிகளுக்கு நடுவில் காதும் காதும் வைத்ததுபோல் சொருகிவிடச் சொன்னாள்.

அவர் சட்டையை விரித்தார். முகம் வெளிறியது.

"திருப்பித் தைச்சிட்டீங்களா?"

"உங்களுக்காகத்தான்."

"எதுக்கும்மா இவ்வளவு சிரமம்?" என்றார். குரல் உண்மையிலேயே நொந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சட்டையோடு வந்து நின்றார். தலை குனிந்திருந்தது. முதுகில், நட்டநடுவில், இஸ்திரிப் பெட்டியின் உருவம் அப்படியே கருகியிருந்தது.

"கை அசந்துட்டேன் டாக்டரம்மா."

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நூலைக்கூடத் தீய்க்காத கை. கவலையில் மனிதர் எப்படி ஆகிவிட்டார் என்று நினைத்து அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீங்க கவலைப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, கையைப் பிசைந்துகொண்டு இறங்கிப்போனார்.

கருகலுக்கு ஒரு முனை கூர், ஒரு முனை தட்டை. சட்டையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். படகு. பழுப்புத் துணியை அதே அளவுக்கு வெட்டி மேலே வைத்துத் தைத்தாள். படகு இருந்தால் பாய் வேண்டும். பாய் இருந்தால் காற்று வேண்டும், அலை வேண்டும். வெள்ளியும் சனியும் அலையிலேயே போயின. நீலத்தில் மூன்று வகை எடுத்து, ஓரங்களில் வெள்ளை முடிச்சுத் தையலில் நுரை வைத்தாள். பத்து நிமிஷமென்று உட்கார்ந்தது நாற்பதாகி, நாலு மணி நேரமானது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்தப் பொய்க் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமையோடு பதினான்கு நாள் முடிந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்குச் சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். செயலாளர் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். நிமிஷத்துக்கு ஒருமுறை இடது மார்பைத் தடவினார். பழைய சட்டையில் பை இருந்த இடம் அது, இதில் பை இல்லை. பக்கத்தில் அவர் மனைவி, மடியில் கைப்பை. தூணருகே இஸ்திரிக்காரர்.

செயலாளர் காகிதத்தைப் பிரித்தார். படிக்கட்டின் கீழுள்ள இடத்தை ஒழுங்குபடுத்துவது என்று வாசித்தார். அவளுக்கு அந்த வாசகம் நினைவிருந்தது. பொன்னுக்கு வீங்கி வருவதற்கு முன்பே அறிவிப்புப் பலகையில் பார்த்திருக்கிறாள், உடைந்த சைக்கிள்களைச் சொல்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். இப்போது செயலாளர் இஸ்திரிக்காரரைப் பார்த்துக்கொண்டே வாசித்தார்.

அவள் எழுந்தாள்.

"சட்டையை எடுத்தது நான். வெட்டினது நான். அவர்மேல ஒரு தப்பும் இல்ல. இதோ உங்க சட்டை. திருப்பித் தைச்சிருக்கேன்."

செயலாளர் வாங்கினார். கொடிகளைப் பார்த்தார். நீலப்பூப் பட்டைகளைப் பார்த்தார். திருப்பினார். படகைப் பார்த்தார். அலையை விரலால் தொட்டுக்கூடப் பார்த்தார்.

"என் சட்டைல படகு கிடையாது" என்றார்.

"அது உங்க சட்டைதான் சார்."

"பதினோரு வருஷமாப் போட்டவன் நான். எனக்குத் தெரியாதா? ஏழைக்குப் பரிஞ்சு பேசற, நல்ல குணம்தான். அதுக்காக இப்படியா புளுகுவே?"

காலரைக் காட்டினாள். இரண்டாவது பொத்தானைக் காட்டினாள். அவர் நம்பவில்லை. சட்டை அதற்குள் கைமாறிப் போயிருந்தது. கீழ்வீட்டு டீச்சர் தன் நைட்டியை அடையாளம் கண்டுபிடித்து, தனக்கும் ஒரு படகு வேண்டுமென்றார். பின்வரிசையில் இருவர் நுரையை எப்படிப் போட்டாள் என்று கேட்டார்கள். செயலாளர் மேசையைத் தட்டினார். யாரும் திரும்பவில்லை. பதினொரு வருடத்தில் முதல்முறையாக அவர் தட்டிய தட்டுக்கு மரியாதை இல்லை. அவர் கை மறுபடி இடது மார்புக்குப் போனது. பை இல்லை.

"சகுனமே சரியில்ல. தீர்மானத்தை அடுத்த மாசத்துக்கு ஒத்திவைக்கிறேன்" என்று எழுந்துவிட்டார். அவர் மனைவி கைப்பையால் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனார். அன்றைக்கும் தோள் குலுங்கியது.

அவளுக்கு உடம்பெல்லாம் இலேசாகிவிட்டது. ஒரு வாரமாக நெஞ்சில் குத்தியிருந்த ஊசியை யாரோ உருவியதுபோல் மூச்சு வந்தது. இடம் பிழைத்தது. மனிதர் பிழைத்தார். சட்டைகூட அவளுக்கே திரும்பிவிட்டது. ஒருவரும் உரிமை கோராத அந்தப் படகைப் போர்வையின் நடுவில் வைத்துத் தைக்கவேண்டும் என்று அந்த நிமிஷமே முடிவு செய்தாள்.

படிக்கட்டின் கீழ் இஸ்திரிக்காரர் பெட்டியில் கரியை ஊதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார்:

"அடுத்த மாசக் கூட்டத்துக்கு சார் ஒரு நீலச் சட்டையை ராசின்னு எடுத்து வச்சிட்டாராம் டாக்டரம்மா, மூணாம் மாடி அம்மா அதையும் உங்க கதவுலயே மாட்டச் சொல்லிட்டாங்க, இந்தத் தடவையாவது தயவுசெஞ்சு திருப்பித் தைச்சிடாதீங்க, போன தடவை அதைத் தீய்ச்சு முடிக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு."